இரண்டாம் நாள் கச்சேரி

நேற்றுப் புது அரிசி மூட்டையைப் பிரித்து டின்னில் கொட்டியபோது அந்த வாசனை வந்தது. தவிடும் சாக்கும் கலந்த உலர்ந்த வாசனை. கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். எதைத் தேடுகிறேன் என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

உங்கள் வீட்டு அரிசி டின்னில் கைவிட்டால் கேசட் கிடைக்கும். கீழக்கரைக் கடல் காற்றில் டேப் பூஞ்சை பிடித்துவிடும் என்று ஒவ்வொன்றையும் பழைய தாவணித் துணியில் சுற்றி அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தாய். உன் உம்மா உலைக்கு அரிசி அள்ளும்போதெல்லாம் ஒன்று மேலே வரும். "இந்தா, ஒன் வெள்ளக்காரன் எந்திரிச்சு வந்துட்டான். இவனயும் சேத்து வடிச்சுரவா?" என்பார்.

முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து கல்லூரி விடுதியில் தங்கியிருந்த எனக்கு, ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்கள் வீடுதான். துபாயிலிருந்து உன் அண்ணன், நீ 'காக்கா' என்று கூப்பிடுபவர், அனுப்பிய இரட்டை கேசட் டெக் கூடத்தில் இருக்கும். நீ உயிராக நினைத்த ஓர் ஆங்கில ராக் குழு நாம் பிறப்பதற்கு முன்பே கலைந்துபோயிருந்தது. அவர்களின் இசைத்தட்டுகள் உனக்குப் பெரிதில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவர் கோட்டுக்குள் ரெக்கார்டரை ஒளித்து வைத்துப் பதிவு செய்த மேடைக் கச்சேரிகள்தான் உனக்கு வேண்டும்.

"கடையில விக்கிற கேசட்டு நல்லாத்தானடி கேக்குது. இதுல ஒரே இரைச்சலா இருக்கு" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுல பாட்டு மட்டும் இருக்கு. இதுல அன்னைக்கி என்ன நடந்துச்சுன்னு இருக்கு" என்றாய்.

இந்தக் கேசட்டுகளைச் சேர்ப்பவர்கள் ஊருக்கு ஒருவராக நாடெங்கும் இருந்தார்கள். ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலிருந்து முகவரிகளை எடுத்தாய். விற்கக்கூடாது, மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். உன்னிடம் இருப்பதில் ஒரு நகல் போனால் அவரிடம் இருப்பதில் ஒரு நகல் வரும். கைதட்டலையும் கூச்சலையும் வெட்டி அனுப்புவது பெரிய குற்றம். எல்லாரும் ஆண்கள். நீ தலைப்பெழுத்தை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டாய். பதில்களில் உன்னை 'பாய்' என்றார்கள், 'பிரதர்' என்றார்கள். நாம் படித்துப் படித்துச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நின்றுபோனது. வாசலில் ஒருவர், நாற்பது வயதிருக்கும், மருந்துக் கம்பெனி விற்பனையாளரின் தோல்பையோடு நின்றார். உனக்குத் தபாலில் அனுப்பிய கேசட் உடைந்துபோனதால் இன்னொரு நகலை மதுரையிலிருந்து நேரிலேயே கொண்டுவந்துவிட்டார். "எஸ்.எம். பாயப் பாக்கணும்" என்றார்.

"அப்பிடி ஆரும் இங்க இல்லயே" என்றார் உன் வாப்பா.

அவர் உன் தபால் உறையை நீட்டினார். வாப்பா அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு உள்கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நீ என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாய். வாப்பாவின் அண்ணன், உன் பெரிய வாப்பா, அப்போதே உன் படிப்பை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். முகம் தெரியாத ஆண்களுக்கு நீ எழுதுவது வெளியே வந்தால் கேசட்டோடு கல்லூரியும் போய்விடும்.

"எழுதுனது எங்க வீட்டுப் புள்ளதான். இப்ப வெளிய வர ஏலாது. எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றார் வாப்பா நிதானமாக.

"போட்டுக் கேட்டுட்டுத்தான் வாங்கணுங்க. எங்க ஆளுக வழக்கம் அது."

உங்கள் டெக்கிலேயே போட்டார். நீ இரண்டு வருடமாகத் தேடியது அது. ஜப்பானில் அந்தக் குழு அடுத்தடுத்து இரண்டு நாள் வாசித்தது. முதல் நாள் கச்சேரி பலரிடம் இருந்தது. இரண்டாம் நாள் தன்னிடம் இருப்பதாக எழுதியவர் இவர் ஒருவர்தான். கூடத்தில் கைதட்டல் எழுந்தது, அடங்கியது. ஒரு கிடார் தொடங்கும் முன் யாரோ இருமினார்கள். உன் பிடி தளர்ந்தது. உன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பேசாமல் இருந்திருந்தால் அவர் கேசட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார், வாப்பாவும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். நீ வாயைத் திறந்தாய்.

"இது ரெண்டாம் நாள் இல்ல."

ஒரு பெண் குரல் என்பதை அவர் விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு எழுந்து நின்று, கதவைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார்: "எப்பிடிச் சொல்றீங்க?"

"இருமுறாரே, அவரு மொத நாளு கேசட்டுலயும் இருக்காரு."

"ரெண்டு நாளும் அதே ஆளு வந்திருக்கலாமேம்மா. அவருக்கு சளி ஒரே நாள்ல போயிருமா?"

"வந்திருக்கலாம். அதே பாட்டுக்கு முன்னாடி, அதே மாதிரி ரெண்டு தடவ இருமிட்டு, பக்கத்துல இருக்கவுக அதட்டுனதும் நிறுத்துவாரா?"

வாப்பா டெக்கை நிறுத்தி, பின்னால் ஓட்டி, அந்த இருமலை மறுபடி கேட்டார். "அதட்டத்தான் செய்யிறான்" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "ஒரு இருமலுக்கா மதுரையில இருந்து வந்தீக? உக்காருங்க, சோறு தின்னுட்டுப் போவீக."

அவர் உட்காரவில்லை. "அப்ப பத்து வருசமா நான் மொத நாளத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேனா?" என்றார். எனக்கு அந்தக் குரல் இன்னும் மறக்கவில்லை. நீ கதவோரம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னாய்: "அதுவும் நல்ல நாளுதான், சார்."

அவருக்கு நீ எடுத்து வைத்திருந்த நகலை அப்படியே கொடுத்தனுப்பினாய். அவர் தெரு முனை திரும்பும்வரை வாப்பா வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, உன்னைப் பார்க்காமல் டெக்கின் மூடியைச் சாத்தினார்.

"இனிமே தபாலுக்கு எம் பேரப் போடு. வாரவுக என்னயக் கேட்டு வரட்டும். பேச வேண்டியத நீ பேசு."

பெரிய வாப்பாவிடம் அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. நாம் இருவரும் சேர்ந்தே தேர்வு எழுதினோம். இரண்டாம் நாள் கச்சேரி கடைசிவரை கிடைக்கவில்லை. கல்யாணமாகிச் சென்னைக்குப் போன மறு வருடம் மஞ்சள் காமாலை முற்றி நீ போய்விட்டாய். மய்யித்து வீட்டில் உன் உம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கும் எனக்குப் பேச்சு வரவில்லை.

உனக்குத் தெரியும், எனக்கு அந்தக் குழுவின் பாட்டு அவ்வளவாகப் பிடித்ததில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்காகக் கேட்டேன். ஆனால் நன்றி சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நீ இல்லாததால் எழுதுகிறேன்.

இந்தத் தை மாதம் ஊரில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் ராமநாதபுரத்தில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் மாமா கேட்டது காதில் விழுந்தது. "கல்யாணத்துக்கப்புறம் புள்ள வேலைக்குப் போக மாட்டாள்ல?"

"நாங்க சொன்னா கேப்பா. விட்டுருவா" என்றார் அய்யா.

அம்மா என் கையில் தட்டைக் கொடுத்தாள். அதைத் திரும்ப அடுப்பு மேடையில் வைத்தேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

"விட மாட்டேன், அய்யா."

வெளியே யாரோ செருமினார்கள். "ஆரு பேசுறது?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"எம் மகதான்" என்றார் அய்யா. கோபமா, வேறு ஏதாவதா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. "ஏத்தா, சொல்றத இங்கன வந்து சொல்லு."

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன்.