ஐந்தாம் நம்பர் மூடி

மச்சான்,

இன்று காலை தேனி பைபாஸில் ஒரு டயர் கடையில் நின்றிருந்தேன். மகனுடைய காருக்கு முன் சக்கரங்களைப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டார்கள். மாட்டி முடித்ததும் கடைக்காரர் ஒரு சின்னக் கருவியை ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கொண்டுபோய் அமுக்கினார். எதற்கு என்று சும்மாதான் கேட்டேன்.

"காத்து கொறைஞ்சா காட்டுற சென்சார் உள்ள இருக்குங்க. சக்கரம் எடம் மாறுனது அதுக்குத் தெரியாது, நாமதான் சொல்லிக் குடுக்கணும். இல்லேன்னா முன்னாடி காத்து எறங்கும், லைட்டு பின்னாடியக் காட்டும்" என்றார்.

அங்கே கிடந்த பழைய டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாங்கவில்லை என்று நினைத்து மகன் சோடா வாங்கி வந்தான்.

நாம் கூட்டாக வாங்கிய லாரி. முன் கண்ணாடியில் உன் பக்கம் பிறை, என் பக்கம் வேல். துபாயிலிருந்து உன் மைத்துனர் கொண்டுவந்த ஆறு சென்சார் மூடிகளை ஆறு டயர் வால்விலும் நீதான் திருகினாய். காற்றழுத்தம் காட்டும் பெட்டியை ஸ்டேரிங் பக்கத்தில் ஒட்டினாய். "இனிமே ராடைத் தூக்கிட்டு டயர் டயரா தட்டிப் பாக்க வேணாம் மாப்ளே" என்று கம்பம் முழுக்கப் பீற்றிக்கொண்டாய்.

அந்த ஆயுத பூஜைக்கு நீ உத்தமபாளையத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தாய். நான்தான் வண்டியைக் கழுவி, தேய்ந்த டயர்களை இடம் மாற்றினேன். மூடி ஆறையும் கழற்றிச் சோப்புப் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்பேனர் ஜாக்கியோடு வாழை இலையில் அடுக்கினேன். படைத்து முடித்ததும் கைக்கு வந்ததை எதிரில் இருந்த வால்வில் திருகினேன். எந்த மூடி எந்த டயருக்கு என்று மூடியில் நம்பர் இருந்தது. சந்தனத்துக்கு அடியில் இருந்தது. நான் பார்க்கவில்லை.

நாலாம் நாள் குமுளியில் மரச்சட்டம் ஏற்றிக்கொண்டு மலை இறங்குவதற்கு முன் பெட்டி கத்தியது. ஐந்தாம் நம்பர், பின்னால் இடது உள் டயர். நீ இறங்கிப் போய் அதைத் தட்டினாய். கிண்ணென்று இருந்தது. "எதுக்கும் எல்லாத்தையும் ஒரு தட்டு தட்டிர்றேன்" என்றாய்.

"பொட்டி பொய் சொல்லுது மச்சான், ஏறு. கீழ எறங்கி லோயர் கேம்ப்ல பாத்துக்கலாம்." இதைச் சொன்னது என் வாய்தான்.

மூன்றாவது வளைவில் வண்டி வலது பக்கம் பாய்ந்து பாறையில் மோதியது. எனக்கு ஒரு கீறல் இல்லை. உனக்கு வலது கால் நொறுங்கியது. ஆஸ்பத்திரியில், "ஸ்டேரிங் வலப்பக்கம் இழுத்துச்சு மாப்ளே, புடிச்சும் நிக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். ஊர் வேகம் என்றது. நானும், "நீ கொஞ்சம் வேகமாத்தான் எடுத்துட்டே" என்றேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஸ்டேரிங்கையும் தொடவில்லை. போன வருஷம் கண்ணை மூடும்வரை தாங்கித் தாங்கித்தான் நடந்தாய்.

காற்று இறங்கி இழுத்தது முன்னால் இருந்த வலது டயர், மச்சான். ஐந்தாம் நம்பர் மூடியை அதில்தான் திருகியிருக்கிறேன். பெட்டி பொய் சொல்லவில்லை. நீ வேகமாகவும் போகவில்லை. படுபாவி, நான் செய்த வேலை.

கடையிலிருந்து நேரே கம்பத்துக்கு வந்தேன். தங்கச்சியிடம், உன் மனைவியிடம், ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் சொன்னதோ வேறு.

"மௌத்தாகுறதுக்கு மொத நாக்கூடச் சொன்னாக அண்ணே. அவனும் நானும் வாங்குன வண்டிய நான் ஒடைச்சுட்டேன், அவன் ஒரு வார்த்தை வையல, நானும் அவன்கிட்ட மன்னிப்பே கேக்கலன்னு. உங்களப் பாத்தா சொல்லச் சொன்னாக."

நீ அனுப்பிய மன்னிப்பு வந்து சேர்ந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், மச்சான்?