காத்திவாக்கத்து ஐந்தாம் வகுப்பு

என் செல்லத் தங்கச்சி ஸ்டெல்லா,

நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. இன்றைக்கு உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. யாரிடம் சொன்னாலும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தலைமையாசிரியர்களுக்கு நடந்த அந்தப் பயிற்சி முகாம் நினைவிருக்கிறதா? நாமிருவரும் ஒரே பெஞ்சில். "சிக்கல் வந்தால் முதலில் எல்லாரையும் பேச விடுங்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் மறுத்துப் பேசக் கூடாது" என்றார் நடத்தியவர். நம் ஆட்களிடம் இது நடக்கிற காரியமா என்று உன் காதைக் கடித்தேன். நீயோ அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய். உனக்குத் தலைபோகிற கவலை. உன் காத்திவாக்கம் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பாதிப் பேர் வருவதில்லை. இப்படியே போனால் வகுப்பையே எடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

நீ என்ன செய்தாய்? நேரே குப்பத்து ஊர்க்கூட்டத்துக்குப் போனாய். ஆண்கள் மணலில் வட்டமாக உட்காருவார்கள். பெண்கள் தள்ளி நின்று கேட்பதோடு சரி. அங்கே போய் முகாம் விதியைச் சொல்லி, பெண்களையும் பேசச் சொன்னாயே! எவ்வளவு நெஞ்சழுத்தம் உனக்கு!

மீன் விற்கும் பவுனம்மாதான் முதலில் பேசினாள். "நீ மணி அடிக்கற நேரத்துலதான் டீச்சர் கரையில ஏலம் வுடறாங்கோ. நான் கூடையத் தூக்கிகினு பூட்டா கைக்குழந்தைய யாரு பாத்துக்கறது? அதான் பெரிய பொண்ண வூட்லயே வுட்டுட்டுப் போறேன்."

அவள் புருஷன் எகிறினான். "இன்னாமே, சபையில வாயி நீளுது?"

"இரு நைனா, அவங்க முடிக்கட்டும். அப்பால நீ சொல்லு" என்றாய் நீ.

அதன் பிறகு ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். எல்லார் வீட்டிலும் அதே கதைதான். மறுவாரமே உன் பள்ளித் தாழ்வாரத்தில் தூளிகள் தொங்கின, ஆட்டிவிட மதியச் சோறு ஆக்கும் ஆயா. தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். பார்வையிட வந்த அதிகாரி, "இது பள்ளிக்கூடமா, பிரசவ ஆஸ்பத்திரியா?" என்று முறைத்தார். "வகுப்புக்குள்ளே வந்து பாருங்க சார்" என்றாய். உள்ளே ஓர் இடம் காலியில்லை. வகுப்பு பிழைத்தது. என் தங்கச்சியாக்கும் என்று நான் வேலை பார்த்த ராயபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, உனக்குத் தெரியுமா?

இப்போது சேதிக்கு வருகிறேன். மாற்றல் கேட்டு உன் பள்ளிக்கே வந்துவிட்டேன். ஐந்தோடு படிப்பு நின்றுபோகிறதே என்று ஆறாம் வகுப்பு கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். முடியாது என்று பதில் வந்தது. போன ஞாயிறு ஊர்க்கூட்டத்தில் அதைச் சொன்னேன்.

ஆண்கள் வாய் திறக்குமுன் பவுனம்மா எழுந்தாள். "எழுதி ஆவாது டீச்சர். நாங்க பொம்பளைங்கோ எல்லாரும் வர்றோம். ஆபீசு எங்க கீது?"

அன்றைக்கு எகிறிய அதே புருஷன், அவள் முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீ போய்ட்டு வாமே. அன்னிக்குக் கூடைய நான் தூக்கறேன்."

வருகிற திங்கட்கிழமை போகிறோம் ஸ்டெல்லா. ஆறாம் வகுப்பு வாங்காமல் அந்த ஆபீசு வாசலை விட்டு நகர மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னால் தலைநிமிர்ந்து நடக்கிற,
உன் ரோஸ் அக்கா