நவம்பர் ஆற்றுக்கு மிதக்கும் லைன்

ஒக்டோபர் 21, திங்கள்

மழை. மூக்குக்கண்ணாடிக் கடையில் காலையில் மூன்று பேர் மட்டும். மதியம் மேசைக்குக் கீழே மறைத்துவைத்துத் தூண்டில் லைன் பட்டியல்.

பயணம்: ந. 3 ஞாயிறு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆறு நாள், நண்பர் செல்வாவும் நானும். ஸ்டீல்ஹெட்டுக்கு. ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, திரும்ப ஆற்றுக்கே வரும் ட்ரவுட் மீன். பிடித்தால் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும், அங்கே அதுதான் சட்டம். ஒன்பது வருட ஆசை. இன்றுவரை ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

தெரிவு:
1. மிதக்கும் லைன் (இனி மி.). வீச இலேசு. இறகால் கட்டிய பொய்ப் பூச்சி தண்ணீரின் மேலாகவே ஓடும். செப்டம்பருக்குச் சரி.
2. நுனி தாழும் லைன் (தா.). வீசினால் ஈரத்துவாயை எறிகிற மாதிரி. ஆனால் குளிர்காலத்தில் மீன் அடியில் கிடக்கும்; பூச்சியை அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டும்.

நவம்பரில் தா. தான். யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டையும் ஓடர் பண்ணினேன். என் புத்தி அப்படி.

ஒக். 24, வியாழன்

மப்பு வானம். பார்சல் வந்தது. மி. இளம்பச்சை. தா. நுனி கறுப்பு.

வசந்தி எட்டிப் பார்த்தாள். "இதுவும் நூல்தானே? போன வருசம் வாங்கினது என்ன பாவம் செய்தது?" முப்பத்து நாலு வருட மனைவி. நியாயமான கேள்வி.

குப்பை எடுக்கும் நாள் பார்க்கக் குசினிக் கதவில் தொங்கும் கோயில் கலண்டரைத் திருப்பினேன். ந. 2 சனி, கந்தசஷ்டி ஆரம்பம். ந. 7, சூரன்போர். நடுவில் ந. 6 இல் வசந்தியின் கையெழுத்து: நிலா ஸ்கான்.

பயணத்தைப் புக் பண்ணியபோது செல்வாவின் லீவை மட்டும்தான் பார்த்தோம். இந்தக் கலண்டர் அப்போது அச்சாகவே இல்லை. சாட்டுத்தான், தெரியும்.

நிலா எங்கள் ஒரே மகள். இங்கே லண்டனிலேயே, வால்தம்ஸ்டோவில், புருஷனோடு. இரண்டு முறை கரு தங்கவில்லை. இது மூன்றாவது. ஆறாம் தேதி பன்னிரண்டு வாரம். அவளுக்காக வசந்தி ஆறு நாளும் பாலும் பழமும்தான். வீட்டில் மீன், இறைச்சி, மச்சம் எதுவும் அடுப்பேறாது.

என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தவள்.

குப்பை: வெள்ளி.

ஒக். 27, ஞாயிறு

குளிர்கால நேரம், கடிகாரம் ஒரு மணி பின்னால். அடுப்புக் கடிகாரம் இன்னும் மாற்றவில்லை.

பூங்காக் குளத்தில் வீசிப் பழகினேன். தா. மூன்று தரம் என் முதுகிலேயே விழுந்தது. மி. தானாகவே போனது. நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரர், இங்கே மீன் பிடிக்க அனுமதி இல்லை என்றார். தூண்டிலில் முள் இல்லை, சிவப்புக் கம்பளித் துண்டு மட்டும் என்று காட்டினேன். "அப்போ எதற்கு?" என்று நாயிடம் கேட்டுக்கொண்டே போனார்.

கணக்குப் பார்க்கிறேன். மீனைத் தின்னப்போவதில்லை. கொல்லப்போவதில்லை. வாயில் முள் ஏற்றுவேன், கையில் தூக்குவேன், படம் எடுப்பேன், விடுவேன். அதே நேரத்தில் இங்கே வசந்தி வெறும் வயிற்றோடு.

ஒக். 29, செவ்வாய்

கடையில் ஒரு பிள்ளைக்கு முதல் கண்ணாடி. போட்டதும் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தது.

நிலா போன். "அப்பா, ட்ரிப்பைக் கான்சல் பண்ண வேண்டாம். ஓகே? ஐ'ம் ஃபைன்." சிரித்துத்தான் சொன்னாள். வைத்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஒக். 31, வியாழன்

தீபாவளி. ஆட்டிறைச்சிக் கறி. வசந்தி என் கோப்பையில் இன்னொரு அகப்பை. "வடிவாச் சாப்பிடுங்கோ. சனி தொடக்கம் ஒண்டும் இல்லை."

முடிவு: மி.

காரணம் முருகன் இல்லை. ஆறாம் தேதி ஏதும் நடந்துவிட்டால், வசந்தி என்னை ஒரு சொல் சொல்லமாட்டாள். ஆனால் நான் தூக்கிய அந்த மீன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சாகும்வரை கிடக்கும். அதை என்னால் தாங்க ஏலாது.

பயணத்தையே விட்டிருக்கலாம். விட்டால் நிலா பயந்துவிடுவாள், அப்பாவும் பயப்படுகிறார் என்று. ஆகவே போவேன். ஆற்றில் நிற்பேன். மி. வீசுவேன்.

ந. 1, வெள்ளி

பெட்டி அடுக்கல். கம்பளிக் காலுறை 4, இடுப்பளவுத் தண்ணீருக்கான காற்சட்டை, பிரஷர் குளிசை. தா. அலுமாரியில்.

செல்வா போன். மலேசியாக்காரர், பல் வைத்தியர், என்னைவிட ஆறு வயது இளையவர். என் கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, தாழுறது எடுத்து வச்சிட்டீங்களா?"

"இல்லை. மிதக்கிறதுதான்."

"நாலு டிகிரி தண்ணியில மீன் மேல வருமா? ஆறு நாளும் சும்மா தண்ணிய பாத்துட்டு வரவா போறீங்க?"

"பாப்பம்."

வசந்தி பக்கத்தில் என் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

ந. 2, சனி

குளிர், வெயில். வசந்தி விடியவே விம்பிள்டன் கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். இடது மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

பின்னேரம் பெட்டியைப் பூட்டும்போது வந்து நின்றாள்.

"மிதக்கிறதில மீன் வராதாமே?"

"வரும். குறைவு."

"அப்ப ஏன் அது?"

"வீச இலேசு. தோள் நோகுது." தோளைத் தடவியும் காட்டினேன். தோளுக்கு ஒன்றுமில்லை.

"நீங்களும் விரதமோ?"

"விசரே உமக்கு? எனக்கென்ன விரதம்."

"அப்ப சந்திக் கடையில பிஷ் அண்ட் சிப்ஸ் வாங்கியரட்டோ? நாளைக்குப் பயணம், வெறும் வயித்தோட போகப்படாது."

"வேண்டாமப்பா. பசியில்லை."

பிறகு குசினிக்குள் போனாள். அடுப்புச் சத்தம். மேசையில் இரண்டு வாழைப்பழம், இரண்டு கிளாஸ் பால். எனக்குப் பாலென்றால் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும்.

குடித்தேன்.