அகீகாவுக்கு வளர்த்த கிடா

மேலப்பாளையம்
12.8.1994

கடல் தாண்டி இருக்கும் மச்சானுக்கு ஸலாம்.

மார்பில் வந்த கட்டி புற்றுதானாம். பாளையங்கோட்டையில் ஊசி மருந்து ஏற்றுகிறார்கள். "வேகமா வளருத எல்லாத்தையும் இந்த மருந்து கொல்லும்மா, நல்லது கெட்டது பாக்காது" என்றார் டாக்டர். முடியெல்லாம் கொட்டிவிட்டது. முக்காட்டுக்குள் இருப்பதால் தெருவில் யாருக்கும் தெரியாது.

வயிற்றில் இருந்ததும் வேகமாக வளர்வதுதானே, மச்சான். மருந்தைத் தாங்காது என்று முதலிலேயே எடுத்துவிட்டார்கள்.

கட்டி மட்டும் கரையவில்லை.

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் முடி களைந்து, பிள்ளை பேருக்கு அறுத்து அகீகா கொடுக்க நீங்கள் வாங்கச் சொன்ன கிடா நன்றாக வளர்ந்துவிட்டது. "ஏளா, இத இனி என்ன செய்ய?" என்று மாமி தினமும் கேட்கிறார்கள்.

முடி இறங்கியது எனக்குத்தான். என் பேருக்கே அறுக்கச் சொல்லவா?

உங்கள் வீட்டுக்காரி