அச்சனின் எழுபத்துநாலு கிலோ

அன்புள்ள அபிலாஷ் மோனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அச்சனும் சுகம். இந்த ஒன்றரை வருஷத்தில் அந்தச் சொல்லைத் தயங்காமல் எழுதுவது இதுதான் முதல் தடவை. போலந்தில் உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். கர்க்கடக மாத மழை விடாமல் பெய்கிறது, வாய்க்கால் தண்ணீர் துணி துவைக்கிற கல்லை மூடிவிட்டது, அங்கன்வாடிக்கு நாலே நாலு பிள்ளைகள் வருகிறார்கள், அதனால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அச்சன் பக்கத்திலேயே இருக்கிறார், சில விஷயங்களை அவர் காதுபடச் சொல்ல என்னால் முடியவில்லை. உன்னிடம் மறைத்தது ஒன்று இருக்கிறது. நன்றி சொல்ல வேண்டியது அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

அச்சனுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு நீ திரும்பிப் போனாயே, அதற்கு அடுத்த மாதமே என் இடுப்பு பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு எட்டுத் தடவை முதுகை வளைத்து அவரைத் தூக்கினால் வேறென்ன ஆகும். அப்போதுதான் நீ சொன்னாய், அம்மா நீ முதுகால தூக்குற, தூக்க வேண்டியது காலால, போய் ஜிம்ல உட்கார்ந்து எழற ஸ்குவாட் பழகு என்று. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஐம்பத்துமூன்று வயதில், பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயதில், பையன்கள் பனியனோடு நிற்கிற இடத்துக்கு நான் போவதா. நீ விடவில்லை, நாலு நாள் நாலு வீடியோ அனுப்பினாய், ஐந்தாம் நாள் கயிறு சங்கத்துக்குப் பின்னால் ஜிம் நடத்துகிற ஷீபாவுக்கு நீயே போன் செய்துவிட்டாய். பகலில் ரேஷன் கடையில் அரிசி அளக்கிற அந்தப் பெண் மாநில அளவில் பளு தூக்கியவள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் வீடு தேடி வந்து, டீச்சரே, அரிசி வாங்க வர்ற மாதிரி வாங்க, வெட்கம் தானா போயிடும் என்றாள்.

முதல் நாள் ஒரு வெறும் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்ததற்கே என் தொடை நடுங்கியது. சுரிதாரோடு நிற்கிற என்னைப் பார்த்து யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே வருகிறவர்களெல்லாம் நம்மைப் போலத்தான், மீன் வண்டி ஓட்டுகிற நௌஃபல், பெயின்ட் அடிக்கிற ஜோமோன், இப்படி வேலை முடிந்து வருகிறவர்கள். அதில் ஜோமோனுக்கு மேலே பார்த்தால் மலை, கீழே பார்த்தால் கொக்கு. கால் பயிற்சி நாளன்று மட்டும் அவனுக்குத் தவறாமல் காய்ச்சல் வரும். டீச்சர் அறுபது கிலோ தொட்ட அன்னைக்கு நீ வேட்டி கட்டிட்டு வாடா, இந்தக் காலை வெளிய காட்டாத என்று நௌஃபல் சொல்வான். அச்சன் டிவியில் செய்தி கேட்கிற ஒரு மணி நேரத்தில் ஓடிப்போய் ஓடி வருவேன். கட்டைக் கம்பு, பிறகு இரும்புக் கம்பி மட்டும், பிறகு பக்கத்துக்கு ஐந்து கிலோ, இப்படி ஆறு மாதத்தில் ஐம்பதுக்கு வந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டு மாதம் ஒரு கிலோ ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மோனே, நான் உன்னிடம் சொல்லாதது நடந்தது. ஒரு சனிக்கிழமை காலை அச்சன் குளியலறையில் வழுக்கிச் சரிந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் ஈரத் தரை, குறுகிய இடம், எழுபத்துநாலு கிலோ மனிதர், என்ன செய்தும் என்னால் எழுப்ப முடியவில்லை. மழைச் சத்தத்தில் நான் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. அவரைத் தனியாக விட்டு வெளியே போகவும் மனம் வரவில்லை. முக்கால் மணி நேரம் அவர் தலையை மடியில் வைத்து அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தேன், பால்காரர் வந்த பிறகுதான் தூக்கினோம். அத்தனை வருஷம் ஏரியில் படகு ஓட்டிய மனிதர், நூறு பேரை ஏற்றிக்கொண்டு புயலில் கரை சேர்ந்தவர், பால்காரர் முன்னால் துண்டோடு கிடந்ததற்காக அன்றைக்கு முழுக்கச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

எனக்குள் ஒரு வெறி பிடித்தது. ஜிம்முக்கு அவ்வப்போது பைக்கில் ஒருவன் வருவான், ஷீபா இல்லாத நேரமாகப் பார்த்து வருவான். அவன், மருந்துப் பேர் ஒட்டாத ஒரு மாத்திரை டப்பாவைக் கையில் கொடுத்து, சேச்சி, இதுல தினம் ரெண்டு போடுங்க, பதினஞ்சே நாள்ல எண்பது தூக்குவீங்க என்றான். பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்குமுன் மூன்று தடவை பேர் படித்துப் பார்க்கிற நான் அதை வாங்கிக் கொண்டேன். நாலு நாள் போட்டேன். ஐந்தாம் நாள் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றும்போது கை நடுங்கி அகப்பை விழுந்தது, நெஞ்சு செண்டை மேளம் மாதிரி அடித்தது. ஆரோக்கிய நிலையத்தில் நர்ஸ் பார்த்தபோது ரத்த அழுத்தம் நூற்றெண்பதுக்கு மேலே. மூன்று வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று நீ போன் செய்தபோது லேசான ஜலதோஷம் என்றேன். பொய் சொன்னேன், மன்னித்துவிடு.

குடம் தூக்கக் கூடாது, சரி, அச்சனை யார் தூக்குவது. அன்று மாலை ஷீபா வந்தாள். டப்பாவைத் திறந்து நம் கழிப்பறையிலேயே கொட்டித் தண்ணீர் விட்டாள், ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. டீச்சரே, நீங்க ஐம்பதுல நின்னுபோனது சத்து இல்லாம, ராத்திரி அவருக்கு மீன் வச்சுட்டு நீங்க கஞ்சித் தண்ணி குடிச்சா தொடை எங்கிருந்து வளரும் என்று மட்டும் கேட்டாள். அது உண்மை, உனக்கும் தெரியும். மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் நௌஃபலும் ஜோமோனும் நிற்கிறார்கள். நான் கேட்கவில்லை, யாரும் அனுப்பவும் இல்லையாம். நௌஃபல் அச்சன் கட்டிலருகில் போய்க் கைகளைத் தேய்த்துக்கொண்டு, சேட்டா, இன்னைக்கு என் டெட்லிஃப்ட் நீங்கதான், எழுபத்துநாலு கிலோ, அசையாம இருக்கணும், அசைஞ்சா கணக்குல சேராது என்றான். ஜோமோன் கால் பக்கம் பிடித்தான். நாற்காலியில் உட்கார வைத்ததும் நௌஃபல் அவனைப் பார்த்து, டேய், உனக்கு இனிமே தினமும் கால் நாள்தான்டா, காய்ச்சல்னு சொல்லித் தப்பிக்க முடியாது என்றான். அச்சன் சிரித்தார் மோனே. வாய் ஒரு பக்கமாகப் போனாலும் அது சிரிப்புத்தான், வாதம் வந்ததிலிருந்து நான் பார்த்த முதல் சிரிப்பு. இருபத்தோரு நாள், காலையும் மாலையும், ஒரு வேளை தவறாமல் அந்த இருவரும் வந்தார்கள். மீன் வண்டி புறப்படத் தாமதமானால் திட்டு விழுமே என்று நான் கேட்டதற்கு, மீன் காத்திருக்கும் டீச்சரே, செத்துப்போனதுதானே என்றான் நௌஃபல். என் வயிற்றில் பிறக்காத இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன். கல்யாண வயது வந்தும் ஜோமோனுக்குப் பெண் அமையவில்லை, சேர்த்தலையில் என் கூடப் படித்தவளின் மகள் ஒருத்தி இருக்கிறாள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதன் பிறகு நான் மெதுவாகவே போனேன். காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் பயறு, ராத்திரி அச்சனுக்கு எத்தனை மத்தி மீனோ எனக்கும் அத்தனை. நீ அனுப்பிய புரோட்டீன் பொடியை ஷீபா டப்பாவின் பின்பக்கம் முழுக்கப் படித்துப் பார்த்து, நர்ஸிடமும் கேட்டுவிட்டு, ஒரு கரண்டி போதும் என்றாள். போன மாதம் பத்தொன்பதாம் தேதி ஸ்குவாட் அறுபத்தைந்து, டெட்லிஃப்ட் எண்பத்திரண்டரை. அதற்கு நாலாம் நாள் அச்சன் மறுபடி அதே இடத்தில் சரிந்தார். நான் யாரையும் கூப்பிடவில்லை. பின்னால் போய் உட்கார்ந்தேன், அக்குள் வழியாகக் கை கொடுத்து அவர் முன்கையைப் பிடித்தேன், முதுகை நேராக வைத்தேன், பாதத்தைத் தரையில் அழுத்தி எழுந்தேன். இரண்டே மூச்சு. ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், பிறகு இடது கையால் என் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார், படகு கிளம்பட்டும் என்று பலகையில் தட்டுவாரே, அதே மாதிரி. நீ அன்று கோபப்பட்ட அம்மாவிடம் தோற்றுப்போய்ப் பேசாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. மழை நாளில் ஜிம்முக்குப் போகாமல் அச்சன் கட்டிலுக்கு எதிரே அரிசி மூட்டையை அணைத்துக்கொண்டு ஸ்குவாட் செய்கிறேன். போன வாரம் அப்படிச் செய்யும்போது திடீரென்று அவர் குரல், ஒண்ணு, ரெண்டு, மூணு என்று. தெளிவாக. தண்ணீர் என்று கேட்க வராத வாய். எண்கள் முதலில் திரும்புவது உண்டு, விடாதீர்கள் என்றார் டாக்டர். ஆனால் ஏழு வந்ததும் மறுபடி ஏழு, மறுபடியும் ஏழு. பாவம், மறந்துவிட்டார் போல என்று நானும் மூச்சிரைக்க எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஐந்தாவது ஏழில் அவர் கண்ணைப் பார்த்தேன், திருட்டுச் சிரிப்பு. மறக்கவில்லை, வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேலை இடத்தில் பெட்டி தூக்கும்போது அவசரப்படாதே, பேர் எழுதாத எதையும் வாயில் போடாதே, இதை உனக்குச் சொல்லும் தகுதி இப்போது எனக்கு நன்றாகவே வந்திருக்கிறது. நீ போகும் வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும். நவம்பரில் வரும்போது ஷீபாவுக்கு ஒரு நல்ல இடுப்பு பெல்ட் வாங்கி வர மறக்காதே. இன்னும் நிறைய எழுதலாம், ஆனால் உள்ளேயிருந்து அச்சன் ஒண்ணு என்று சொல்லிவிட்டார், நான் இன்னும் நாற்காலியை விட்டே எழவில்லை.

உன் அம்மா,
ரேவம்மா சுகதன்
முகம்மா