குதிரைக்காரிக்கு வைத்த மீசையை எடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
லி. செண்பகவல்லி,
உரிமையாளர், லிங்கம் தானிய மண்டி,
கிணற்றுச் சந்து, ஆரியசாலை,
திருவனந்தபுரம்.

பெறுநர்
உயர்திரு பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
வட்டாரச் சிற்பப் பாதுகாப்பு அலுவலகம்,
திருவனந்தபுரம்.

பொருள்: கிணற்றுச் சந்தில் உள்ள குதிரைக்காரி சிற்பத்துக்குத் தங்கள் அலுவலகம் வைத்த மீசையையும் அம்புகளையும் அகற்றி, உண்மையை எழுத்தில் தருமாறு வேண்டுதல் – சார்பு.

பார்வை: இதே பொருள் பற்றி மலையாளத்தில் நான் அளித்த மனு. பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முந்தைய மனு தங்கள் அலுவலகத்தில் எந்த ஃபைலுக்கு அடியில் உறங்குகிறது என்று எனக்குத் தெரியாது. இம்முறை தமிழில் எழுதுகிறேன். இதைப் படித்துச் சொல்லத் தாங்கள் ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். அந்த வகையிலாவது மனு ஒரு மேசையை விட்டு நகரும்.

2. எங்கள் சந்தின் கிணற்றடிச் சுவரில் பதித்திருக்கும் கல்லில் முன்கால் தூக்கிய குதிரை ஒன்று உள்ளது. அதன் மேல் கொண்டை போட்ட ஒரு பெண். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் வாள். அவள் முதுகை ஒட்டி இன்னொரு பெண், இரண்டு கைகளாலும் முன்னவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புகுந்த வீட்டில் துன்பப்பட்டவளைத் தாய்வீட்டுக்கு மீட்டு வரும் காட்சி இது என்பது எங்கள் தெருவில் பால் மறந்த குழந்தைக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மஞ்சள் பூசித் தடவியதில் இருவரின் முகமும் மார்பும் தேய்ந்துவிட்டன. தேய்ந்தது கல் மட்டும்தான் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

3. சென்ற ஆண்டு இந்தச் சிற்பத்தைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சீரமைப்பு ஆலோசகர் என்று ஜெயந்த் என்பவரை அனுப்பினீர்கள். அவர் கல்லைப் பார்த்த நேரத்தைவிட லேப்டாப்பைப் பார்த்த நேரம் அதிகம். கிரேக்கப் பளிங்கு, பாரசீகப் பாறை, நாயக்கர் காலத்துத் தூண் என்று உலகத்தில் உள்ள குதிரைகளையெல்லாம் வரிசையாகக் காட்டிவிட்டு, “ஆன்ட்டி, எல்லா எக்ஸாம்பிளும் நோக்கியாச்சு. குதிரைமேல இருக்கறது ஆணாக்கும், சந்தேகமே வேண்டா” என்றார். அத்துடன் கொண்டை தலைப்பாகை ஆயிற்று. கல்பொடியும் சுண்ணாம்பும் குழைத்து மேலுதட்டில் மீசை வைத்தார்கள். பின்னால் இருந்த பெண்ணை அம்பறாத்தூணி என்று தீர்மானித்து, அவள் உச்சந்தலையில் அம்புகளைச் செருகினார்கள். வாள் வைத்திருப்பவனுக்கு அம்பு எதற்கு, வில் எங்கே என்று கேட்டேன். வில் காலத்தால் அழிந்திருக்கலாம் என்றார். இடுப்பைச் சுற்றியிருக்கும் விரல்களுக்குத் தங்கள் அறிக்கை ‘கச்சையின் மடிப்புகள்’ என்று பெயர் கொடுத்திருக்கிறது. அந்த மடிப்புகளுக்கு நகம் இருக்கிறது. இவ்வளவு படித்தவர்களுக்கு நகம் கண்ணில் படாதது எனக்கு வியப்பாக இல்லை, அருவருப்பாக இருக்கிறது.

4. இது ஏதோ கல்லின் மூக்கு, முழி பற்றிய சண்டை என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் தெருப் பெண் கல்யாணத்துக்கு முந்தின நாள், தன் தகப்பனார் பார்த்து நிற்க, இந்தக் குதிரையின் வாயருகே ஒரு கை கொள்ளு வைப்பாள். தீனி தின்ற குதிரை கூப்பிட்டால் வரும் என்பது நம்பிக்கை. போன இடம் சரிப்படாவிட்டால் அவள் திரும்பி வரலாம். வந்தவளை ஏன் வந்தாய் என்று தகப்பன் கேட்கக் கூடாது என்பது அதன் அர்த்தம். நானும் திருநெல்வேலியில் வாழ்க்கைப்பட்டு அப்படித் திரும்பி வந்தவள். பெட்டியோடு நின்ற என்னிடம் என் தகப்பனார் லிங்கம் கேட்டது “சாப்ட்டியா மோளே?” என்பது மட்டும்தான். பின்னர் மண்டியையும் என் பெயருக்கு எழுதிவைத்தார்.

5. மீசை வந்ததும் ‘பெயர் தெரியாத படைத்தலைவன்’ என்று பலகை வைத்தீர்கள். தானியம் வைத்தால் எலி வரும் என்று அறிக்கையில் எழுதினீர்கள். எங்கள் தெருக் கமிட்டித் தலைவர் வெங்கடேஸ்வரனுக்கு இது போதுமானதாக இருந்தது. ஆண் வீரனைப் பெண்கள் தொடப்படாது என்று சொல்லி இரும்புக் குழாய் வேலி போட்டுப் பூட்டினார். வீட்டுப் பெண்கள் திரும்பி வருவதை என்றுமே விரும்பாத ஆண்களுக்குத் தாங்கள் முத்திரை குத்திய ஒரு சாக்கைக் கொடுத்தீர்கள். அதற்குப் பராமரிப்பு என்று பெயர் வேறு.

6. வேலி பூட்டியபின் நடந்த முதல் கல்யாணம் அதே வெங்கடேஸ்வரனின் மகள் ஸ்ரீலக்ஷ்மியுடையது. கொள்ளு வைக்காமலே கழக்கூட்டத்தில் மாப்பிள்ளை மஹேஷின் ஃபிளாட்டுக்குப் போனாள். சென்ற மாதம் உதடு கிழிந்து, வீட்டுச் செருப்போடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். தெருவே பார்த்தது. வாசலை மறித்து நின்ற தகப்பன் கேட்டது இது: “கொள்ளு வெச்சிட்டா போனே? பின்னே எந்தப் பாத்தியதையில இங்க வந்து நிக்கறே?” வந்த ஆட்டோவிலேயே அவளைத் திருப்பி அனுப்பினார். வேலியைப் பூட்டியவரும் இவர், கொள்ளு எங்கே என்று கேட்டவரும் இவர். இந்த மனிதரை எதிரே கண்டால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன்.

7. இருந்தும் அந்தப் பெண்ணுக்காக அவரிடம் போய்ப் பேசினேன். குதிரைமேல் இருப்பது பெண், பின்னால் இருப்பதும் பெண் என்று தெருவில் வயதான அத்தனை பேரும் சொல்லியும் அவர் அசையவில்லை. “கவர்மென்ட் ஆம்பளைன்னு எழுதியிருக்கு. கவர்மென்ட் மாத்தி எழுதினா நானும் மாத்திக்கறேன்” என்றார். தங்கள் அலுவலகத்தின் அறிவின் மீது நம்பிக்கை வைத்திருக்கும் ஒரே மனிதர் திருவனந்தபுரத்தில் அவர்தான் என்று நினைக்கிறேன். ஆகையால்தான் மீண்டும் தங்களிடம் வர நேர்ந்தது.

8. எனவே மீசை, அம்பு, பலகை ஆகியவற்றை அகற்றவும், வேலியைத் திறக்க உத்தரவிடவும், கல்லில் இருப்பவர்கள் இரண்டு பெண்கள் என்பதை முத்திரையிட்ட கடிதமாகத் தரவும் வேண்டுகிறேன். ஜெயந்த் அவர்களை மறுபடி அனுப்ப வேண்டாம். மீசையை எடுக்க ஒரு உளியும் நிதானமான ஒரு கையும் போதும், லேப்டாப் தேவையில்லை.

9. இம்மனுவை நேற்றே கொடுத்திருப்பேன். நேற்று மண்டியின் சரக்கு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கழக்கூட்டம் போக வேண்டியிருந்தது. மஹேஷ் அலுவலகத்தில் இருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். ஸ்ரீலக்ஷ்மியை ஓட்டும் இருக்கையிலேயே என் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க அவள் என் இடுப்பை விடவில்லை. இப்போது என் வீட்டு மாடியில் இருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் அவள் தகப்பன் வீட்டு வாசல் தெரியும். நாங்கள் வந்து இறங்கியதைப் பார்த்ததும் அவர் கதவைச் சாத்திக்கொண்டார். தாங்கள் கடிதம் எழுதும் வரை அவள் அந்தச் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இடம்: ஆரியசாலை
தேதி: 18.06.2025

இப்படிக்கு,
(ஒப்பம்) லி. செண்பகவல்லி

படித்துப் பார்த்தேன். 6ஆம் பத்தியில் எழுதியிருப்பது நடந்ததுதான்.
(ஒப்பம்) ஸ்ரீலக்ஷ்மி
நேற்று முதல் மேற்படி முகவரி