கெட்டி ஆயில்

மார்ச் 2, ஞாயிறு

அத்தான் கார் வாங்கியிருக்கிறார். கேட்டுவிட்டு வாங்கவில்லை, வாங்கிவிட்டுக் கூப்பிட்டார். இரண்டு கதவு, டர்போ, எட்டு வருடம் ஓடியது. டயர் நான்கும் புதுசு. பழைய வண்டிக்குப் புது டயர் போட்டு விற்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று வாய்வரை வந்தது. முதல் நாளே வேண்டாம் என்று விழுங்கினேன்.

"நீதான ஆயில் டெஸ்ட் பண்றவன். சொல்லு மாப்ள, இதுக்கு எது ஊத்தணும்?"

பம்பு கம்பெனியின் சோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஆயிலின் கெட்டித்தன்மையை அளப்பதுதான் என் பிழைப்பு. வண்டியின் கையேட்டைப் பார்த்துச் சொன்னேன்: 5W-30, முழு சிந்தெட்டிக். டர்போ சூட்டுக்கு வேறெதுவும் தாங்காது. விற்றவன் ஊற்றியிருப்பது 20W-50. பழைய லாரிக்கு ஊற்றுகிற சரக்கு. "வெயிலுக்குக் கெட்டிதான் நல்லது" என்றானாம். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்த்தேன், பாகு மாதிரி இறங்குகிறது. இன்ஜினில் சத்தமே இல்லை. இவ்வளவு ஓடிய இன்ஜினில் சத்தமே இல்லை என்றால் எனக்குப் பிடிக்காது. ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். இடது தாடையில் நீலம். அலமாரிக் கதவு இடித்துவிட்டதாம். அந்தக் கதவு என் இடுப்பு உயரம்தான் இருக்கும். குனிந்து போய் இடித்துக்கொண்டாளா?

மார்ச் 5, புதன்

ஆயிலில் ஈயம், செம்பு. இரண்டும் இருக்கக் கூடாத அளவு. டார்ச் அடித்தால் ஜிகினா மாதிரி மின்னுகிறது. உள்ளே பேரிங் கரைந்துகொண்டிருக்கிறது. தேய்ந்த பேரிங் தட்டும். கெட்டி ஆயில் அந்த இடைவெளியை நிரப்பி, தட்டுவது வெளியே கேட்காமல் பண்ணிவிடும். செத்துக்கொண்டிருக்கிற இன்ஜினை வாயைப் பொத்தி விற்றிருக்கிறான்.

மார்ச் 9, ஞாயிறு

போய்ச் சொல்லிவிட்டேன். அத்தான் வேலை செய்யும் கிடங்கிலிருந்து நண்பர்கள் இரண்டு பேர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். நான் ரிப்போர்ட்டை நீட்டினேன்.

"உங்கள நல்லா ஏமாத்திட்டான் அத்தான். இது வண்டி இல்ல, பொணம். பவுடர் போட்டு உக்கார வச்சிருக்கான்."

நண்பர்கள் சிரித்தார்கள். ஒருத்தன் பானெட்டுக்கு மாலை போடுவது மாதிரி சைகை செய்தான். அத்தானும் சிரித்தார். "சரி மாப்ள, நீ சொன்னா சரிதான்." என் முதுகில் தட்டிக் கொடுத்தார். கொஞ்சம் பலமாகவே.

பஸ்ஸில் வரும்போது எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

அக்காவின் வலது மணிக்கட்டு, இரண்டு இடத்தில் முறிவு.

டாக்டரிடம் "வழுக்கி விழுந்தேன்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். மாவுக்கட்டு காயும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"அவரு ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி ஏன்டா அப்படிச் சொன்ன?"

அவ்வளவுதான் கேட்டாள்.

மீதியைத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். நண்பர்கள் போகிறவரை சிரித்துக்கொண்டே இருந்தானாம். கதவைச் சாத்தியதும் அவள் கையைப் பிடித்து மேசை விளிம்பில் வைத்து — வேண்டாம். எழுதினால் நோட்டு கிழியும்.

இனிமேல் இதில் அத்தான் என்று எழுத மாட்டேன். அவன்.

மார்ச் 11, செவ்வாய்

கிடங்கு வாசலில் அவனை மடக்கினேன். நான் அடித்தது ஒரே அடி, அதுவும் தோளில் பட்டது. அவன் அடித்ததை எண்ணவில்லை. கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. மூச்சு இழுத்தால் விலாவில் கத்தி. கடைசியாக என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "படிச்ச புள்ள, போய் டெஸ்ட் பண்ணிப் பாரு, எங்கெங்க ஓட்டைன்னு" என்றான்.

போலீஸில், புகாரில் அக்காதான் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். போட மாட்டேன் என்கிறாள்.

கொட்டாவிதான் விலாவுக்குக் கட்டுப் போட்டான். கூட வேலை செய்யும் வெல்டர். எப்போதும் தூங்கி எழுந்தவன் மாதிரியே இருப்பதால் அந்தப் பெயர். "நம்ம ரூமுக்கே வந்துடு. உன் வீடு அவனுக்குத் தெரியும்ல" என்றான். மாடியில் இரண்டு அறை, ஒரே வாசல். பெட்டியைக் கொண்டுவந்து போட்டாயிற்று.

மார்ச் 14, வெள்ளி

அம்மா ஊரிலிருந்து போன். "கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லுடா. ஆம்பளன்னா கோபம் இருக்கத்தான் செய்யும்." போனைச் சுவரில் அடித்தேன். போன் போய்விட்டது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 17, திங்கள்

அவனே கம்பெனி வாசலுக்கு வந்தான். பழம் வாங்கிக்கொண்டு. ஆரஞ்சு.

"அன்னைக்கு நடந்தத மறந்துடு மாப்ள. நீ சொன்ன ஆயிலையே வாங்கி ஊத்து. பொணம் எப்படி ஓடுதுன்னு அந்த ரெண்டு பயலுகளும் பாக்கட்டும்."

அவனுக்கு உறுத்துவது அந்தச் சிரிப்புதான். கை முறிந்ததெல்லாம் அவனுக்கு ஒரு விஷயமே இல்லை. வாங்கி ஊற்றுகிறேன் என்றேன். என் வாயா சொன்னது?

சாயங்காலம் அக்காவிடம் பேசினேன், கொட்டாவியின் போனில். "கெட்டியானதையே ஊத்திடுடா. திரும்ப எதுவும் கிளப்பாத" என்றாள். அப்புறம் என்னவோ வண்டிக் கதை. இதற்கு முன் அவன் வைத்திருந்த வண்டிக்கு சைலன்சர் ஓட்டை, தெருமுனையிலேயே கேட்டுவிடுமாம், போனை ஒளித்து வைக்க, முகம் கழுவ நேரம் கிடைக்குமாம். "இது பூனை மாதிரி வருது. தலைய நிமித்துனா வாசல்ல நிக்கிறாரு." நான் சரி சரி என்று கேட்டுவிட்டு, "எப்பக் கிளம்பற? அத மட்டும் சொல்லு" என்றேன்.

மார்ச் 19, புதன்

தூக்கம் இல்லை. ஒரே கணக்கு.

கெட்டி ஆயில்: இன்ஜின் சத்தம் போடாது. மெதுவாக ஓட்டினால் இன்னும் சில மாதம் இழுக்கும்.

சரியான ஆயில்: தட்ட ஆரம்பிக்கும். முழு வேகத்தில் விரட்டினால் பேரிங் பிய்ந்து இறுகும். பின் சக்கரத்தில் ஓடும் வண்டி. இறுகினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். நூற்று அறுபதில் பூட்டினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பது யாருக்கும் தெரியாது.

அக்கா கிளம்பினால் அவன் விரட்டிக்கொண்டு வருவான். மெதுவாக வர மாட்டான்.

கையேட்டில் எழுதியிருப்பதைத்தானே ஊற்றப் போகிறேன்? வாரண்டிக்காரன் வந்து பார்த்தாலும் சரி என்பான். கோர்ட்டே சரி என்னும்.

அவன் சாக வேண்டும். எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

மார்ச் 23, ஞாயிறு

ஊற்றினேன். பழையதை முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றி, குச்சியில் மேல் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. இவ்வளவு சுத்தமாக நான் என் வேலையில்கூடச் செய்ததில்லை.

அவனிடம் உண்மையையும் சொன்னேன். "பேரிங் போயிடுச்சு. ஆர்பிஎம் மூவாயிரத்துக்கு மேல ஏத்துனா உடையும். வேகமா போகாதீங்க." ஒரு பொய் இல்லை. நான் போகாதே என்று சொன்னால் அவன் போவான். அதுவும் எனக்குத் தெரியும்.

"நீ சொல்லி நான் ஓட்டணுமா?" சாவியைத் திருப்பினான்.

டக். டக். டக். யாரோ உள்ளேயிருந்து சுத்தியால் தட்டுகிற மாதிரி. அவன் முகம் ஒரு கணம் விழுந்தது. பாட்டுச் சத்தத்தை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான்.

அவன் போனதும் உள்ளே ஓடினேன். இப்பவே கிளம்பு என்றேன். சுவிட்சை அணைக்கணும், துணி எடுக்கணும், வெள்ளிக்கிழமைதான் அவருக்கு நைட் ஷிஃப்ட் என்று இழுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து மாவுக்கட்டுக் கையால் தலையை மூடிக்கொண்டாள்.

என் கைக்குத்தான் தலையை மூடினாள்.

விட்டேன். முழங்கையில் என் விரல் நான்கும் சிவப்பாகத் தெரிந்தன. "வெள்ளிக்கிழமையே வா. நீ சொல்றப்ப வரேன்" என்றேன். சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மார்ச் 28, வெள்ளி

அக்கா வந்துவிட்டாள். ஒரே ஒரு பை. உள் அறை அவளுக்கு. கொட்டாவி சமையலறையில் படுத்துக்கொள்கிறான், கேஸ் சிலிண்டருக்குக் காவலாம்.

மார்ச் 30, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். வலது கை வீங்கியிருக்கிறது. நெற்றியில் தையல்.

இன்ஜின் உடையவில்லை.

நேற்று அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறான். நான்கு மணி நேரப் பாதை, அவன் மூன்றில் போனானாம், பீற்றிக்கொண்டானாம். அம்மா விலாசத்தைக் கொடுத்துவிட்டாள். "பேசித் தீத்துக்கட்டும்னுதான்டா குடுத்தேன்." போய், திரும்பி, இத்தனை தூரமும் விரட்டியிருக்கிறான். நான் ஊற்றிய ஆயில் அந்தச் செத்த பேரிங்கைக் கைத்தாங்கலாக எங்கள் வாசல்வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

சாயங்காலம். அக்கா ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"வந்துட்டாரு."

"யாரு?" எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொட்டாவிக்கும் கேட்கவில்லை. அவள் அதற்குள் கதவின் இரண்டு தாழையும் போட்டுவிட்டாள். "அலமாரிய இழு. கீழ் வீட்டு ஆளுங்கள கூப்பிடு. போன் குடு." அவள் போலீஸிடம் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் தெருமுனையில் எனக்குக் கேட்டது. டக். டக். டக்.

குட்டை அலமாரியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். கொட்டாவி ஜன்னல் வழியாகக் கீழ் வீட்டைக் கூப்பிட்டான். அவன் கொட்டாவி விடாமல் நான் பார்த்தது அப்போதுதான்.

முதலில் மரியாதையாகத் தட்டினான். "வா, வீட்டுக்குப் போலாம். ஒண்ணும் பண்ண மாட்டேன்." அப்புறம் வீல் ஸ்பேனரால் அடித்தான். மேல் பலகை பிளந்தது. அடுத்த அடியில் ஸ்பேனர் பலகையோடு உள்ளே வந்து என் நெற்றியில் விழுந்தது. கண்ணில் ரத்தம். பிளவு வழியாகக் கை உள்ளே வந்து தாழைத் தேடியது. கடிகாரம் கட்டிய கை. மேசை விளிம்பில் அவள் கையை வைத்த அதே கை.

கொட்டாவியின் வெல்டிங் சுத்தி என் கையில் இருந்தது. அடித்தேன். எலும்பு போகிற சத்தம் கேட்டது. அவன் கையை இழுக்கப் பார்த்தான், பலகைச் சிராய் சட்டையில் மாட்டிக்கொண்டது. இழுக்க முடியாத கையை அடித்தேன். மறுபடி அடித்தேன். குறி தவறி என் விரல்களே கதவில் நசுங்கின, அப்பவும் விடல. அந்தப் பக்கம் அவன் அழ ஆரம்பிச்சுட்டான். நான் நிறுத்தல.

"போதும்டா."

அக்கா பக்கத்தில் நின்றாள். என்னைத் தொடவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே மறுபடி சொன்னாள், "போதும்."

மாடிப்படியில் கீழ் வீட்டு ஆண்கள் ஏறி வருவது கேட்டது. பின்னாலேயே போலீஸ். அவ்வளவு நேரமும் வண்டி கீழே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, தட்டிக்கொண்டே. ஒரு போலீஸ்காரர் போய்ச் சாவியைத் திருப்பினார்.

அது நின்ற பிறகுதான் அக்கா உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 2, புதன்

அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள், இடது கையால். கோணல்மாணலாக இருக்கிறதே என்று எழுத்தர் முகம் சுளித்தார். "எது கோணல்னு நாளைக்கு கோர்ட்ல பாப்போம் சார்" என்றாள்.

என்மேலும் ஒரு வழக்கு இருக்கிறது. அவனுக்கு மூன்று விரல் மடங்காதாம். என்னிடம் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன்: தேவைக்கு மேல் அடித்தேன்.

வரும் வழியில் அக்கா கேட்டாள். "நான் அன்னைக்குப் பூனை மாதிரி வருதுன்னு சொன்னேன்ல. சத்தம் வரட்டும்னுதான அந்த ஆயில ஊத்துன?"

அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா" என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

எல்லாரிடமும் எல்லாவற்றையும் மூஞ்சிக்கு நேரே சொல்கிற எனக்கு ஒரு "ஆமா" இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அக்கா பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறாள். கேட்டுவிட்டு வாங்கவில்லை. எது ஊற்ற வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "புக் படிச்சுட்டேன். நீ புனல் மட்டும் பிடி."

வாசலில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். மணிக்கட்டு இன்னும் முழுக்கத் திரும்பவில்லை, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கொட்டாவி படியில் உட்கார்ந்து மேற்பார்வை, கண்ணை மூடிக்கொண்டு.

தெருமுனையில் தட்டுகிற சத்தம். டக். டக். டக்.

எப்போது எழுந்தேன், ஸ்பேனர் எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. கேட்டருகே நிற்கிறேன்.

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"டீசல் வண்டிடா அது. பால் வேன். இவ்வளவு படிச்சிருக்க, அதுகூடத் தெரியல. வந்து உக்காரு."

பால் வேன் போயிற்று. திரும்பி வந்து புனலைப் பிடித்தேன். அவள் நிதானமாக ஊற்றினாள். என் கைதான் ஆடியது. செய்தித்தாளில் கொஞ்சம் சிந்தியது.